விருப்பமில்லைன்னு ஒரு கையெழுத்து

நான் இன்னைக்கு ஜெயிச்சுட்டுத்தான் வர்றேன் கண்ணு. மூஞ்சி தொங்கிக் கெடக்குதேன்னு வேற என்னமோ நெனச்சுக்காதே. காலையில ஒம்பது மணிக்கு அந்த ஆபீஸ் வராண்டாவுல உக்காந்தவ, மூணு மணிக்குத்தான் எந்திரிச்சு வர்றேன். பச்சத்தண்ணி பல்லுல படல.

அந்தப் பைய மடியில வச்சுக்க, நான் சித்த சாஞ்சு உக்காந்துக்கறேன். நீ திருச்செங்கோடு வரைக்குமா? செரி, நானும் அங்க இறங்கித்தான் வேற பஸ்சு மாறோணும். பேசிட்டே போலாம். நீ கேட்டாலும் கேக்காட்டியும் நான் பேசத்தான் போறேன். ஊட்டுல பேச ஆளில்லாதவ பஸ்சுலதான் பேசோணும்.

என்னத்த ஜெயிச்சேன்னு கேளு. எம்மேல விசாரணை. முப்பத்தொரு வருஷம் சர்வீசு போட்டவ மேல. ஆரம்ப சுகாதார நிலையத்துல லேப் டெக்னீசியன் நான், வசந்தாமணின்னு பேரு. எந்த ஊருன்னு கேக்காதே, சொல்ல மாட்டேன். ரத்தம் எடுக்கறது, சளி பாக்கறது, சக்கரை பாக்கறது, எல்லாம் நாந்தான். பச்சக் கொழந்தைக்கும் ஒரே குத்துதான், ரெண்டாவது குத்து குத்துனவ இல்ல. இந்த மாசம் முப்பதாந்தேதி ரிட்டையர்மென்ட். மத்தவிய போறப்ப மாலை போட்டு, சால்வை போத்தி, வரிசையா நின்னு போட்டோ புடிச்சு அனுப்புனாங்க. என்னைய மட்டும் விளக்கம் கொடுன்னு கடுதாசி அனுப்பிக் கூப்புட்டாங்க.

எல்லாம் அந்த ஒரு டெஸ்ட்டுனால. எச்.ஐ.வி. டெஸ்ட்டு. மெதுவாச் சொல்றேன், முன்சீட்டுக்காரன் காது இந்தப் பக்கமேதான் இருக்குது. பெரிய வித்தை ஒண்ணுமில்ல. வெரல்ல ஒரு சொட்டு ரத்தம், ஒரு சின்ன அட்டை, பதினஞ்சு நிமிஷம். ரெண்டாவது கோடு வந்துதுன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மறுக்காப் பாக்கோணும். வரலைன்னா ஊட்டுக்குப் போலாம். செவ்வாக்கெழமையானா மாசமா இருக்கறவியளுக்கெல்லாம் பாத்துருவேன். அது ரூலு. அதுல நான் ஒருத்தியையும் உட்டதில்ல.

மத்தவியளுக்கு ஆளைப் பாத்துத்தான். லாரி ஓட்டறவன், ரிக் வண்டிக்குப் போறவன், புருசன் இல்லாம தலை நெறையப் பூ வச்சுட்டு வர்றவ, இவியளுக்கெல்லாம் டாக்டரு எழுத மறந்தாலும் நானே போயி எழுதி வாங்கியாந்துருவேன். ரிக் வண்டி தெரியுமில்ல? போர் போடற வண்டி. எங்க பக்கம் பாதி ஊடு அதுலதான் சோறு திங்குது. எட்டு மாசம் சத்தீஸ்கர், ஒடிசான்னு காட்டுலயே கெடப்பானுங்க. அவனுங்களைச் சும்மா உட முடியுமா? ஆனா குடும்பஸ்தர் வந்தா, நம்ம பழக்க வழக்கத்துல இருக்கறவிய வந்தா, நான் தொல்ல பண்ண மாட்டேன். முந்தி இருந்த டாக்டருங்க யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. வசந்தாமணி பாத்துக்குவாங்கன்னு உட்டுருவாங்க.

அப்பறம் வந்தா பாரு அனிட்டா டாக்டரு. நாகர்கோயில் பக்கத்துப் புள்ள, என்னை விட முப்பது வயசு சின்னவ. வந்த மொத வாரமே எல்லாரையும் உக்கார வச்சு ஒரு பேப்பர ஒட்டுனா. வாய்க்குள்ள வெள்ளப் படை வந்தாப் பாக்கோணும், மாசக்கணக்குல பேதி போனாப் பாக்கோணும், சும்மா சும்மா எளைச்சாப் பாக்கோணும், டிபி இருந்தாப் பாக்கோணும், சின்ன வயசுல அக்கி வந்தாலும் பாக்கோணும்னு எழுதியிருந்துது. அக்கிக்குமா டாக்டர்னு கேட்டேன். அதுக்கு அவ சொன்னா, "மேடம், ஆளப் பாக்காதீங்க. வியாதியப் பாருங்க."

எனக்குச் சுருக்குன்னு இருந்துது. முப்பத்தொரு வருஷம் ஆளப் பாத்தே பொழப்ப ஓட்டுனவகிட்ட ஆளப் பாக்காதேங்கறா.

அது மட்டுமா? எங்க லேப்புக்கு வெளிய ஒரு பெஞ்சு. சீட்டு வாங்கற வரிசை நேரா அதைப் பாத்த மாதிரி நிக்கும். சக்கரை பாக்கறவிய ரெண்டு நிமிஷத்துல எந்திரிச்சுப் போயிருவாங்க. பதினஞ்சு நிமிஷம் ஒருத்தரு அங்க உக்காந்திருந்தா, எதுக்கு உக்காந்திருக்காங்கன்னு வரிசையில நிக்கற அத்தன பேருக்கும் வெளங்கிரும். அந்தப் புள்ள அதையும் கண்டுபுடிச்சு, இனிமே சக்கரைக்கு வந்தாலும் காச்சலுக்கு வந்தாலும் எல்லாரும் பதினஞ்சு நிமிஷம் உக்காந்துதான் ரிசல்ட்டு வாங்கோணும், அப்பத்தான் யாரு எதுக்கு வந்தாங்கன்னு தெரியாதுன்னு சொல்லிருச்சு. நல்ல ஞாயந்தான். ஆனா கால் வீங்கின கெழவிய எதுக்குப் பதினஞ்சு நிமிஷம் காக்க வைக்கறது? எனக்கு மனசு வரல. டாக்டரு அந்தப் பக்கம் போனதும் கூப்புட்டு ரிசல்ட்ட கையில கொடுத்து அனுப்பிருவேன். எத்தன பேரு கையெடுத்துக் கும்புட்டாங்க தெரியுமா? பெஞ்சு பழையபடி ஆயிருச்சுன்னு அந்தப் புள்ளைக்கு எம்மேல கோவம்.

இன்னொண்ணு. டாக்டரு எழுதிட்டா அன்னைக்கே கேக்கோணும், அன்னைக்கே பாக்கோணும், நாளைக்கு வாங்கன்னு திருப்பக் கூடாது. வேண்டாம்னு சொன்னா வற்புறுத்தக் கூடாது, ஆனா ரெஜிஸ்தர்ல விருப்பமில்லைன்னு எழுதி அவிய கையெழுத்து வாங்கோணும். ஒரு ஒன்றரை வருஷத்துல நாப்பத்திரெண்டு பேரு அப்பிடிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அதையத்தான் இன்னைக்கு ஒவ்வொண்ணா வாசிச்சாங்க. வாத்தியாரு, சொசைட்டி செகரட்டரி, பூசாரி மருமக, இப்பிடியே. எல்லாம் தலை நிமுந்து நடக்கற குடும்பம். அவிய மூஞ்சிக்கு நேரா அந்தப் பேர எப்பிடிச் சொல்றது? டாக்டரு ஏதோ ரத்தம் பாக்கோணும்னு எழுதியிருக்காங்க, அவசரமில்ல, இங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கன்னு சொல்லுவேன். போட்டுருவாங்க. எம்மேல அவ்வளவு நம்பிக்கை. அதுல ரெண்டு மூணு பேரு எங்கியோ ஊர உட்டே போயிட்டாங்களாம், தேடிட்டு இருக்காங்களாம். மத்தவிய எல்லாம் நல்லாத்தான் இருக்காங்க. இருப்பாங்க.

நாப்பத்திரெண்டுல ஒருத்தன் லோகு.

லோகநாதன். எங்க மேகலா புருசன். மேகலா எங்கண்ணன் மவ. அவளுக்கு ஏழு வயசுல அவிய அம்மா போயிட்டா. நான் புருசன் வேண்டாம்னு வந்து தனியா இருந்தவ. அன்னைக்கே புள்ளையத் தூக்கி இடுப்புல வச்சுட்டு வந்துட்டேன். தலை வாரி உட்டு, படிக்க வச்சு, காதுல மூக்குல போட்டு, மாப்பள பாத்துக் கட்டி வச்சதும் நாந்தான். எங்கண்ணன் ரிக் வண்டிக்காரன் வேண்டாம்னு மொறைச்சான். பையனுக்கு நான் பொறுப்புன்னு சபையில சொன்னேன். லோகு வண்டி மேனேஜரு, பைப்பு தூக்கற பசங்க மாதிரி கெடையாது. பீடி சிகரெட்டு கெடையாது. என்னைய அம்மான்னுதான் கூப்புடுவான். ஊருக்கு வந்தான்னா மொத நாளு எங்க ஊட்டுலதான் சோறு.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆடி மாசம், வெலாவுல அக்கி வந்து நெருப்பா எரியுதுன்னு வந்தான். முப்பத்திநாலு வயசு. மேகலா கூட வந்தா, மூணு வயசுப் பையன் நிதினையும் தூக்கிட்டு. அனிட்டா டாக்டரு சீட்டுல அந்த டெஸ்ட்ட எழுதி அனுப்பிருச்சு. சீட்டப் பாத்ததும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறிருச்சு. என் ஊட்டுப் புள்ளைக்கா எழுதறே, நான் பொறுப்புன்னு சொன்ன மாப்பளைக்கா எழுதறேன்னு நேராப் போயிக் கேக்கலாம்னு இருந்துது. பொறுத்துட்டேன். வெளிய மேகலா நிக்கறா, பெஞ்சு முன்னால ஊரே நிக்குது. இவனப் போயி அங்க உக்கார வச்சா சாயந்தரத்துக்குள்ள எங்கண்ணன் காதுக்குப் போயிரும்.

ரெஜிஸ்தரத் தள்ளி, ஒரு கையெழுத்துப் போடு சாமின்னேன். எதுக்குங்கம்மான்னு கேட்டான். ஆபீசுக்குத்தான்னேன். படிக்கவே இல்ல, போட்டுட்டான். மேகலா பக்கத்துலயே நின்னு பாத்துட்டு இருந்தா. அவளும் ஒண்ணும் கேக்கல.

நான் அப்பிடியே உட்டுட்டேன்னு நெனைக்காதே. அடுத்த நாள் காலையில நானே ஸ்கூட்டர்ல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போயி அக்கி எழுத வச்சேன். மண்பானை செய்யறவரு இருக்காரு, காவியக் கொழச்சு வெலாவுல சிங்கம் எழுதுவாரு, மூணு நாள் எழுதுனா எறங்கிரும். எறங்கிருச்சு. பத்து நாள்ல காஞ்சு உதுந்து போச்சு. பாத்தீங்களா டாக்டர், இதுக்குப் போயி ரத்தம் பாக்கறேன்னீங்களேன்னு அந்தப் புள்ளகிட்டச் சொல்லிக் காட்டுனேன். அந்தப் புள்ள என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு, அக்கி தானா உதுந்துரும் மேடம், அதுக்குள்ள இருக்கறது உதுராதுன்னுச்சு. திமிருன்னு நெனச்சேன்.

லோகு மறுபடி வண்டிக்குப் போயிட்டான். தீவாளிக்கு வந்தப்ப எளைச்சிருந்தான். காட்டுச் சாப்பாடுன்னு நெனச்சேன். பொங்கலுக்கு வந்தப்ப வாய்க்குள்ள வெள்ள வெள்ளயா இருக்குது, முழுங்க முடியலைன்னான். சத்து மாத்திரையும் டானிக்கும் நானே வாங்கிக் கொடுத்தேன். சித்திரையில சட்டை தோள்ல நிக்கல. டாக்டர்கிட்டப் போலாங்கம்மான்னு அவனே கேட்டான் கண்ணு. நாந்தான், அந்தப் புள்ளகிட்ட வேண்டாம் சாமி, இது மஞ்சக்காமாலையாத்தான் இருக்கும், அதுக்கு நல்ல பச்சிலை கொடுக்கற எடம் எனக்குத் தெரியும்னு கூட்டிட்டுப் போனேன். எனக்கு என்னமோ அந்த ஆஸ்பத்திரி வாசப்படிய அவன் மிதிக்கவே கூடாதுன்னு இருந்துது. ஏன்னு கேக்காதே. எனக்கே தெரியல.

ஆவணியில ஒம்பது நாள் தலைவலி. பத்தாம் நாள் மேகலாவையே யாருன்னு கேட்டிருக்கான். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனா. அங்க போன ஒரு மணி நேரத்துல டெஸ்ட்டு பாத்துச் சொல்லிட்டாங்க. ஒரு வருஷம் முந்தி வந்திருந்தா தெனம் மாத்திரை போட்டுட்டு உங்களையும் என்னையும் மாதிரி நடமாடிட்டு இருப்பாரும்மா, இப்ப மூளை வரைக்கும் ஏறிருச்சுன்னு அந்த டாக்டரு சொன்னாராம். பதினெட்டாம் நாள் போயிட்டான். கடைசியா நான் பாக்கறப்ப கண்ணு தெறந்திருந்துது, அம்மான்னு கூப்புடல.

மேகலாவுக்கும் பாத்தாங்க. அவளுக்கும் இருக்குது. பையனுக்கு இல்ல, அந்த மட்டுக்கும் சாமி கண்ணத் தெறந்துச்சு. மாத்திரை சாப்புட்டுட்டு நல்லா இருக்கறா, பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போறா. நிதின் வயித்துல இருக்கறப்ப அவளுக்கு நாந்தான் செவ்வாக்கெழமை டெஸ்ட்டு பாத்தேன். சுத்தமா இருந்துது. என் கையால பாத்தது. அப்பறம் எப்ப வந்துதுன்னு யாரு கண்டா? அக்கி வந்ததுக்கு முந்தியா, பிந்தியான்னு மேகலா ஒருக்கா என்னையக் கேட்டா. அதெல்லாம் கண்டுபுடிக்க முடியாது கண்ணுன்னு சொல்லிட்டேன். அதுக்கப்பறம் அவ எங்கிட்ட எதுவும் கேக்கறதில்ல.

பெரிய ஆஸ்பத்திரியில, இதுக்கு முந்தி யாருமே டெஸ்ட்டு எடுக்கச் சொல்லலையான்னு கேட்டப்ப, நடுவுல சித்த நெனவு தெளிஞ்ச நேரத்துல லோகுவே வாயத் தெறந்து சொல்லியிருக்கான், யாரும் சொல்லலீங்கன்னு. அது எங்க டாக்டரம்மாவுக்குக் கடுதாசியா வந்துருச்சு. அந்தப் புள்ள ரெஜிஸ்தர எடுத்துப் பாத்தா, விருப்பமில்லைன்னு லோகு கையெழுத்து. பொறவு மத்த நாப்பத்தோரு கையெழுத்தையும் பாத்திருக்கா. மேல எழுதிட்டா.

நான் கேட்டுத்தான் கையெழுத்து வாங்குனேன்னு சொன்னேன். கேட்டதப் பாத்த ஆளு இருக்கான்னாங்க. மத்தவிய ஒருத்தரும் அந்தப் பேருள்ள விசாரணைக்கு வந்து வாயத் தெறக்க மாட்டாங்க, இருக்கற ஒரே சாட்சி மேகலாதான். அவ ஒரு வார்த்தை, எங்க ஊட்டுக்காரருதான் வேண்டாம்னாருன்னு சொல்லிட்டா எம்பேரு தப்பிச்சுரும். இல்லைன்னா அத்தன பேரு கையெழுத்தும் பொய்யின்னு ஆயிரும், வசந்தாமணி கொன்னுட்டான்னு ஊரே சொல்லும்.

போன வாரம் அவ குடியிருக்கற ஊட்டுக்கே போனேன். ஒத்த ரூம்பு. உள்ள வாங்கன்னு சொல்லல, போங்கன்னும் சொல்லல. வாசல்ல நின்னுட்டே பேசுனேன். அழுதேன். உன்னைய இடுப்புல தூக்கிட்டு வந்த கையி இதுன்னேன். எல்லாம் உன் மானத்துக்காகத்தான் பண்ணுனேன்னேன். அவ நிதினுக்குச் சோறு ஊட்டிட்டு இருந்தா. கடைசியில, என்னைக்கு வரோணும்னு மட்டும் கேட்டா.

இன்னைக்கு வந்தா. எனக்கு எதுத்த நாற்காலியில உக்காந்தா. வெளுத்த சேலை, கழுத்துல ஒண்ணுமில்ல. அந்த ஆபீசரு நல்ல மாதிரிதான், மெதுவாக் கேட்டாரு. உங்க கணவர்கிட்ட இது எச்.ஐ.வி. பரிசோதனைன்னு சொல்லி, எடுத்துக்கறீங்களான்னு கேட்டாங்களாம்மான்னு கேட்டாரு. அவ என்னைய நேராப் பாத்தா. அனிட்டா டாக்டரு மூலையில உக்காந்து பேனாவத் தெறந்து மூடிட்டு இருக்குது.

"கேட்டாங்க சார். அவருதான் வேண்டாம்னுட்டாரு."

அவ்வளவுதான். எழுதிக்கிட்டாங்க. படிச்சுக் காட்டுனாங்க, மேகலா கையெழுத்துப் போட்டா. போடறதுக்கு முந்தி ஒரு எழுத்து விடாம படிச்சுப் பாத்தா. புகார நிரூபிக்க முடியலைன்னு முடிச்சுருவாங்கன்னு அங்க இருந்த கிளார்க்கே எங்கிட்ட வந்து சொன்னாரு. ஜெயிச்சாச்சு கண்ணு. நல்லபடியா ரிட்டையர் ஆவேன். சால்வை போடுவாங்க.

வெளிய வந்து, நல்ல காரியம் பண்ணுனே கண்ணுன்னு அவ கையப் புடிக்கப் போனேன். எடுத்துக்கிட்டா. சத்தம் போடல. கோவமாக்கூட இல்ல. சக்கரை எவ்வளவுன்னு நான் எல்லாருக்கும் சொல்லுவனே, அந்த மாதிரி சாதாரணமாச் சொன்னா.

"எங்கம்மா செத்தன்னைக்கு என்னையத் தூக்கிட்டு வந்தீங்க. அதுக்கு இது சரியாப் போச்சு அத்தை. நாளைக்கு நிதின் பெரியவனாகி, அப்பா ஏன் அன்னைக்கே டெஸ்ட்டு எடுத்துக்கலேன்னு கேப்பான். உங்கப்பாவுக்கு விருப்பமில்லடான்னு சொல்லோணும் நானு. செத்த மனுசன் மேல பழியப் போட்டுட்டேன். இனி எங்க ஊட்டுப் பக்கம் வராதீங்க."

போயிட்டா. திரும்பியே பாக்கல. பையனுக்குன்னு ஒரு பொம்மைக் காரு வாங்கி வச்சிருந்தேன், அதக்கூடக் கொடுக்க உடல. என்ன பேச்சு பாத்தியா? நான் பெத்த புள்ளையா இருந்தா இப்பிடிப் பேசுவாளா? ஒரு பொய்யி. அதனால யாருக்கு என்ன நட்டம்? போனவன் எந்திரிச்சு வந்து கேக்கவா போறான்? அந்தத் தண்ணி பாட்டிலக் கொஞ்சம் கொடு கண்ணு.

நானும் அந்தக் கையெழுத்த நெனைக்காம இல்ல. எதுக்குங்கம்மான்னு கேட்டானே, அது காதுலயே நிக்குது. ஆனா என்னைய மட்டும் சொல்லி என்ன பண்ணறது? நல்லதுக்குத்தான் பண்ணுனேன். அந்த எடத்துல நீ இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பே.

என்ன கண்ணு? என்ன கேட்டே? சத்தமாச் சொல்லு, பஸ்சு எரைச்சல்ல கேக்கல. ஓ, அதுவா. எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் பாப்பாங்க. காசு கெடையாது. டாக்டரு எழுதித் தரோணும்னுகூட இல்ல, நாமளே போயி எனக்குப் பாருங்கன்னு கேட்டா அன்னைக்கே பாத்துச் சொல்லோணும், வெளிய யாருகிட்டயும் சொல்லக் கூடாது. அதுதான் ரூலு. இப்ப என் எடத்துக்கு வரப்போற பையன் எதுவும் கேக்காமப் பாத்துருவானாம்.

எதுக்குக் கேக்கறே? சிநேகிதிக்கா?

உனக்கா?

அட, சும்மா இரு கண்ணு. ஏறி உக்காந்தப்பவே பாத்தனே. எவ்வளவு அடக்கமா இருக்கறே, பெரியவ வந்தா எடம் உட்டு உக்காரத் தெரியுது. நல்ல ஊட்டுப் புள்ள. கழுத்துல தாலி மினுமினுன்னு இருக்குது, கட்டி ஒரு வருஷம் இருக்குமா? ஊட்டுக்காரரு வெளியூர் வேலைங்கறே, இருந்தா என்ன, எத்தன பேரு வெளியூருக்குப் போறாங்க. காச்சலு வந்துட்டு வந்துட்டுப் போகுதுங்கறே, அதெல்லாம் இந்த வெயிலுக்குத்தான். அங்க போயி நின்னீன்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. ஊட்டுக்குப் போயி ரசம் வச்சுக் குடிச்சுட்டு நல்லாத் தூங்கு. உனக்கெல்லாம் அந்தக் கருமம் வராது. முப்பத்தொரு வருஷம் ஆளப் பாத்தவ சொல்றேன்.